முதலில் தாயைப் பாருங்கள்

குழந்தை வீறிட்ட சத்தம் கேட்டதும் நம் வீட்டு ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள், செல்போனில் படம் பிடிக்கிறார்கள், சம்பந்தி வீட்டுக்குச் சேதி சொல்கிறார்கள், இனிப்புக்கு ஆள் அனுப்புகிறார்கள். பெற்றவள் கண்மூடிக் கிடக்கிறாள். அசதியில் தூங்குகிறாள், எழுப்பாதே என்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய் ஒரு பெண் சாவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்தான். ஆகவே குழந்தையைக் கொஞ்ச நாலு பேர் இருந்தால் ஒருவராவது அவள் பக்கத்தில் விழித்திருங்கள்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கர்ப்பப்பையின் தசை இறுகி, அவற்றை நெரித்து மூட வேண்டும். இறுகாமல் தளர்ந்து கிடந்தால், மூட மறந்த குழாய்போல ரத்தம் கொட்டும். ரத்தப்போக்கு கண்ட பத்துப் பேரில் ஏழு பேருக்கு இந்தத் தளர்ச்சிதான் காரணம். நஞ்சில் ஒரு துண்டு உள்ளேயே தங்குவது, பிரசவப் பாதை கிழிவது, ரத்தம் உறையாமல் போவது ஆகியவை மற்ற காரணங்கள். இளம் உடம்பு வெகுநேரம் தாங்கிக் காட்டும். முகம் வெளுக்கும், நாடி வேகமெடுக்கும், பிறகு திடீரென்று ரத்த அழுத்தம் சரியும். அப்போது ஓடுவது பல நேரம் பயன்படுவதில்லை.

"கெட்ட ரத்தம், போகட்டும்" என்று சொல்லும் பெரியவர்களை மரியாதையோடு, ஆனால் உறுதியாக நிறுத்துங்கள். கெட்ட ரத்தம் என்று எதுவும் கிடையாது. ஓரளவு போக்கு இயல்புதான். மாற்றிய துணி கால் மணியில் தொப்பலாக நனைந்தாலோ, கட்டி கட்டியாக விழுந்தாலோ, கண் இருட்டுகிறது, குளிருகிறது என்று அவள் சொன்னாலோ அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். போர்வையை விலக்கிப் பாருங்கள். கூச்சத்துக்கு அது நேரமில்லை. சிடுசிடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுபடியும் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும், வாரங்கள் கழித்தும்கூடப் போக்கு திடீரென்று அதிகமாகலாம். அப்போதும் இதே அவசரம்தான்.

கண்ணளவில் பார்த்தால் அனுபவசாலிகளே குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் போட்டு ரத்தத்தை அளந்தார்கள். அளவு கூடியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான அறுவை, மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. அதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. தாயைக் கவனித்தார்கள், தாமதிக்கவில்லை.

அந்தச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை எளியவை. குழந்தை பிறந்ததும் எல்லாத் தாய்க்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட். ரத்தம் கூடினால் வயிற்றை அழுத்தித் தேய்ப்பார்கள், நரம்பில் மேலும் ஆக்சிடோசினும் திரவமும் ஏற்றுவார்கள், டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம் போடுவார்கள். இந்தக் கடைசி மருந்தை 1960-களில் கண்டறிந்த ஜப்பானியர் உடாகோ ஒகமோட்டோ, பிரசவ ரத்தப்போக்கில் அதைச் சோதிக்க வேண்டும் என்று விரும்பினார். இருபதாயிரம் பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் மறைந்துவிட்டார். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அம்மருந்து உயிர் காக்கும்; ஒவ்வொரு கால் மணி தாமதத்திலும் பலன் ஏறக்குறைய பத்து சதவீதம் தேய்கிறது. மருந்துக்கு அடங்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து அழுத்துவார்கள். அதற்குப் பணமில்லாத இடத்திலும் ஆணுறையைக் கதீட்டரில் கட்டி உப்புநீர் நிரப்பிச் சமாளிக்கலாம் என்று காட்டியவர் வங்கதேச மருத்துவர் சயீபா அக்தர். இன்னும் நிற்கவில்லையென்றால் தையல், அறுவை.

இவற்றில் ஒன்றுகூட வீட்டுக் கூடத்தில் இல்லை. 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்தார். "எங்க பாட்டி எட்டும் வீட்லதான் பெத்தா" என்று பெருமை பேசுகிறவர்களே, அப்படிப் பெற்று இறந்துபோன பாட்டிகள் வந்து பேசப்போவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால், ஏன் அலைக்கழிக்கிறீர்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள். 108-இல் ஏற்றுங்கள்.

கணவர்களே, மாசமாக இருக்கும்போதே அவள் ரத்த வகையைக் கேட்டு வையுங்கள். உங்கள் தம்பி, மச்சான், நண்பர்களில் அந்த வகை யாருக்கு, கூப்பிட்டால் நடுராத்திரியிலும் வருவார்களா என்று இன்றே கேளுங்கள். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போகும், வேலை செய்ய முடியாது என்று நழுவுகிற ஆண்கள் வெட்கப்பட வேண்டும். ஒரு முறை எடுப்பது 350 மில்லி, மூன்று மாதத்தில் மறுபடி கொடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகும் என்று குப்பையில் போட வைக்கிற மாமியாரைத் தடுப்பதும் உங்கள் கடமை. சோகை பிடித்தவளுக்கு மற்றவர்கள் தாங்குகிற இழப்பே எமனாகும்.

இன்னொன்று உண்டு. கர்ப்பப்பையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்று மருத்துவர் ஒரு தாளை நீட்டும் கட்டம் வரலாம். அந்நேரத்தில், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று படியிறங்கும் கணவன் அவள் நிமிடங்களைச் செலவழிக்கிறான். அடுத்த பிள்ளை, ஆண் வாரிசு என்கிற கணக்கெல்லாம் அங்கே அவள் உயிருக்கு எதிரி. எட்டாம் மாதத்திலேயே மனைவியோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு, அப்படி ஒரு தாள் வந்தால் யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிடுங்கள்.