ஊன்றுகோலும் உடனாதலும்

நம் அன்பிற்குரிய ஒருவர் நடக்கவியலாது தளருங்கால் அவரைத் தாங்குதல் எத்தகைய அறம்? அவர் நுகர்வது வினைப்பயனாயின் அதனிடை நாம் புகுதல் தகுமோ? தகுமெனின் எவ்வளவிற்றாகப் புகுதல் வேண்டும்? இவை நூலறிவின்பொருட்டு மட்டும் எழும் வினாக்கள் அல்ல. பிணியாளர் ஒருவரை இல்லத்திற் கொண்டார் நாடோறும் எதிர்ப்படும் வினாக்கள். ஆதலின் சித்தாந்த நெறிநின்று இவற்றைச் சிறிது ஆராய்வாம்.

ஆராய்ச்சி வெறும் பொதுமையில் நின்றுவிடாமைப்பொருட்டு ஒரு பிணியை எடுத்துக்கொள்வாம். அது தண்டுவட மரப்பு நோய் எனத் தமிழிலும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என மேனாட்டு மருத்துவத்திலும் வழங்குவது. பாரிசு நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்னும் பேராசிரியர் 1868-ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு நோயாக வரையறுத்துக் காட்டினர். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திருக்கின்றது. உடலைக் காத்தற்கு அமைந்த எதிர்ப்பாற்றலே பிறழ்ந்து அவ்வுறையை அரிக்கின்றது. உறை அழிந்தவிடத்து, மனத்தின் ஏவல் காலுக்குச் செல்லுங்கால் தாழ்க்கும். சிலபோது செல்லாதே ஒழியும். நடத்தற்கண் இச்சை உளது. நடக்குமாறு இஃதென்னும் அறிவும் உளது. கிரியைக்குரிய கருவி மட்டும் பணிய மறுக்கின்றது.

இந்நோய் முதியோர்க்கே உரியதன்று. பெரும்பாலும் 20 முதல் 40 அகவைக்குள் தோன்றுகின்றது. ஆடவரினும் மகளிரை ஏறத்தாழ இருமடங்கு பற்றுகின்றது. 2020-ஆம் ஆண்டின் கணக்கின்படி உலகில் ஏறக்குறைய 28 இலட்சம் பேர் இதனை உடையர். பலர்க்கு இது வந்தும் தணிந்தும் வரும். சிலர்க்கு இடையறாது முற்றும். உடலிற் சூடு ஏறியவழித் தளர்ச்சி மிகும் என்பதனை ஊட்டாஃப் என்னும் செருமானிய மருத்துவர் 1890-இல் கண்டு கூறினர். காலையில் நடந்தவர் நண்பகல் வெயிலில் நடக்கமாட்டாராதல் இதனாலேயாம். 1993 முதலாக நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. முற்றத் தீர்க்கும் மருந்து இன்னும் வந்திலது.

இனி முதல் வினாவை நோக்குவாம். “பிராரத்தம் நுகர்ந்தன்றித் தீராது. ஊட்டுவோன் இறைவன். அவன் ஊட்டுவதனை இடைநின்று தடுத்தல் அவன் திருவுள்ளத்திற்கு மாறாம்” என்பார் சிலர் உளர். வெளிப்பட இங்ஙனம் கூறாராயினும், “அவர் வினை, நாம் என் செய்வது” என்று அகன்றுபோவார் அனைவரும் இக்கொள்கையினரேயாவர்.

அது பொருந்தாது. என்னை? நம்பியாரூரர் திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுரையைக் கடந்து, அப்பிழையால் இருகண்ணும் இழந்தமை பெரியபுராணம் உணர்த்தும் வரலாறு. ஏனையோர் பிணிக்கு ஏது இன்ன வினையென நாம் ஒருவாற்றானும் அறியமாட்டேம். ஈண்டோ ஏது வெளிப்படை, ஒறுத்தோனும் இறைவனே. பின்னர் அவர் திருவெண்பாக்கத்தை அடைந்து வேண்டியபொழுது பெற்றது யாது? கண் அன்று, ஓர் ஊன்றுகோல். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னரே கிடைத்தன. வினைப்பயனை ஊட்டிய அக்கையே அதனை நுகருங்கால் விழாது நடத்தற்குரிய கோலினையும் நல்கிற்று. ஆகவே, கோலாய் நிற்போன் இறைவன் திருவுள்ளத்திற்கு மாறாவான் அல்லன். அத்திருவுள்ளத்தின் கருவியே ஆவான்.

இன்னும், வினை சடம். தானே வந்து பயன் தாராது. இறைவனே கூட்டுவிக்கின்றான் என்பது நம் கொள்கை. நோயைக் கூட்டுவித்தவன் மருந்தினையும், தாங்குதற்கு ஒரு தோளினையும் கூட்டுவியான் என்றற்குப் பிரமாணம் யாது? நோய் மட்டும் வினையின் வந்தது, உதவி வினைக்குப் புறம்பானது என்பது பொருந்தாக் கூற்றாம். அன்றியும், பிறர் வினையை அளந்து ஒதுங்குவோன் அவ்வொதுக்கத்தானே தனக்கு ஆகாமியம் ஈட்டிக்கொள்கின்றான். வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு அமைந்தது. பிறர் துன்பத்தை நாம் பொறுத்துக்கொண்டிருத்தற்கு அமைந்ததன்று.

அற்றேல், அன்புடையோன் அனைத்தையும் தானே செய்துவிடுதல் முறையோ எனின், அதுவும் முறையன்று. கைவிடுதல் ஒரு பிழையாயின், விழுங்கிவிடுதல் மற்றொரு பிழை. எழ முயல்வாரை முயலுமுன் தூக்குதல், அவரைக் கேளாது கையைப் பற்றி இழுத்தல், அவரிடம் வினவுவார்க்குத் தாமே விடையிறுத்தல், “உமக்கேன் வருத்தம், இருந்துவிடும்” என்றல் ஆகிய இவையெல்லாம் அன்பின் வடிவில் வந்து பிணியாளர்பால் எஞ்சிய கிரியையையும் கவர்ந்துகொள்வன. நோய் கொண்டது போக நின்றதனை அன்பும் கொள்ளுமாயின் அவர்க்கு எஞ்சுவது யாது?

இவ்விடத்து இறைவன் உயிர்கட்கு உதவுமாறே நமக்கு அளவையாகும். கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிரோடு இயைந்து நின்று செலுத்துதலால் உடனாயும் அவன் நிற்கின்றான் என்பது அத்துவிதத்தின் பொருள். சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் கண்ணையும் உயிரையும் எடுத்துக்காட்டி, அவன் உயிர்க்கு அறிவித்தலோடு அமையாது உடனின்று அறிதலையும் செய்கின்றான் என உணர்த்தும். காட்டுதல் ஓர் உதவி. உடன் காணுதல் மற்றோர் உதவி. இவ்விரண்டானும் உயிரின் காட்சி கெடுவதில்லை, காணப்பெறுவது உயிரே.

இதனை இல்லத்தின்கண் வைத்து நோக்குக. பிணியாளர் துயரைத் தன் துயராகக் கொள்ளுதல் ஒன்றாதல். நடக்கும் விருப்பமும், எங்கே எப்பொழுது என்னும் துணிவும் அவருடையனவே எனக் கொள்ளுதல் வேறாதல். அவர் அடியின் அளவிற்குத் தன் அடியைக் குறுக்கி, தளர்ந்த காலின் பக்கத்தே சிறிது பின்னாக நடத்தல் உடனாதல். கோலினைத் தளர்ந்த காலின் பக்கத்துக் கையில் அன்று, மற்றைப் பக்கத்துக் கையிற் பிடித்தலே மருத்துவர் கற்பிக்கும் முறை. கோலை அங்கே கொடுத்துத் துணைவர் இங்கே நிற்பின் இருபுறமும் காவலாம். அவர் தம் தோளைப் பற்ற விடுதலேயன்றித் தாம் அவர் கையைப் பற்றி இழாமை, வெளிச்செல்லும் காரியங்களை வெயிலேறாமுன் அமைத்தல், வழியில் அமர்தற்கு இடம் குறித்துக்கொள்ளுதல், நேற்று நடந்தவர் இன்று நடவாமையைச் சோம்பல் எனக் கருதாமை ஆகிய இவையே இவ்வறத்தின் உறுப்புக்கள். சக்கரநாற்காலி வேண்டப்படும் நாள் வருமாயின் அதனைத் தோல்வியென எண்ணற்க. காலால் நூறடி சென்று மெலிவார் நாற்காலியிற் கோயில் முழுதும் வலம்வருவாராயின், அதுவும் ஓர் ஊன்றுகோலேயாம்.

இனித் தாங்குவோர்க்கு உரியதொன்று உண்டு. ஆண்டுகள் செல்லச்செல்ல, “யானே இவரைத் தாங்குகின்றேன்” என்னும் எண்ணம் மெல்ல எழும். அது ஆணவத்தின் தொழில். அவ்வெண்ணம் வேரூன்றியவழி, தளர்ச்சி வந்தபோது சினமாகவும், நன்றி கிடையாதபோது வருத்தமாகவும் அஃது வெளிப்படும். ஊன்றுகோல் பெற்ற நம்பியாரூரர் மகிழ்ந்து பாடினாரல்லர். கண் வேண்டினார்க்குக் கோல் தந்ததனை நொந்தே பாடினர். இறைவன் அதனை வெறுத்திலன். கோலை மீளப் பெற்றுக்கொண்டதுமிலன். பிணியாளர் வாயிற் பிறக்கும் கடுஞ்சொல்லைத் தாங்குவோர் கேட்கவேண்டிய முறை இதுவே. தாம் இளைத்தபொழுது மற்றொருவர் தோளை வேண்டுதலும் இழுக்கன்று. கருவி ஒன்றே என்னும் நியதி யாண்டும் இல்லை.

மற்றொன்று கூறாது விடுதல் உண்மைக்கு அடாது. நம்பியாரூரர்க்கு வெண்பாக்கத்தின் பின்னர்க் காஞ்சி இருந்தது, ஆரூர் இருந்தது. நாம் கூறிய நோயினர் பலர்க்கு இவ்வுடம்பில் அவ்விரண்டும் வாராமலும் போகலாம். தாங்குவோர் அதனை அறிந்தே தாங்குகின்றனர். குணமாதலைப் பயனாக வைத்துச் செய்யும் தொண்டு குணமாகாதபோது நின்றுவிடும். உடனாதலையே பயனாகக் கொண்ட தொண்டு நில்லாது. 1944-இல் முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் பழைய திருவெண்பாக்கம் மூழ்கவே, கோயில் பூண்டியில் பெயர்த்தமைக்கப்பெற்றது. ஆண்டுள்ள பெருமானுக்கு இன்றும் வழங்கும் பெயர் ஊன்றீசுவரர் என்பது. கண்ணளித்த செயல் இன்றியே, கோலளித்த செயலே அவற்குத் திருப்பெயராயிற்று என்பதனைச் சிந்திக்க.

இறுதியாகத் திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் உள்ளார்க்கு ஒரு விண்ணப்பம். 2016-ஆம் ஆண்டின் இந்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயையும் ஒன்றாக எண்ணியுள்ளது. சட்டம் எண்ணியதனைச் சைவம் எண்ணாதிருத்தல் அழகன்று. உயர்ந்த படிக்கட்டின் அருகே ஒரு சரிவுவழி, பிடித்தேறுதற்கு ஒரு கம்பி, வரிசையின் இடையே ஒரு மணை, வெயிலேறாமுன் வழிபடுதற்கு ஓர் ஒழுங்கு ஆகிய இவ்வளவே வேண்டுவன. தளர்ந்து வருவார் ஒருவரைக் கண்டவிடத்து, “இவர் செய்த வினை யாது” என்று வினவுதலை ஒழித்து, “இவர்க்கு நான் எப்பக்கத்தே நிற்றல் வேண்டும்” என்று அவரையே வினவுக. அவர் காட்டும் பக்கத்தே நின்று, அவர் நடக்கும் அளவிற்கு உடன் நடக்க.