திங்கட்கிழமைத் தலைவலி

"தலை வலிக்கிறதென்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அண்ணா" என்றேன். நெற்றியில் போட்டிருந்த ஈரத் துணியை எடுக்காமலே, "அப்படியானால் ரொம்ப நன்றாகவே வேலை செய்கிறதடா" என்றார் அண்ணா.

மார்வலிக்காக அவருக்கு நைட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது இரத்தக் குழாய்களை விரியச் செய்து இதயத்தின் பளுவைக் குறைக்கிறது. தலையிலுள்ள குழாய்களும் கூடவே விரிகின்றன, மண்டை பிளக்கிறது. இதயத்தோடு நின்றுகொள் என்று மாத்திரைக்கு யார் சொல்வது?

அண்ணாவுக்குப் பொழுது போகட்டும் என்று நான் கதை சொன்னேன். டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரினும் இந்த இனத்து மருந்துதான். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு முதலில் தலைவலி வரும். வாரக் கடைசிக்குள் உடம்பு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை மறுபடியும் வலி! அதற்குப் பயந்து சிலர் தொப்பிப் பட்டையில் அதைத் தடவிக்கொண்டு விடுமுறையைக் கழித்தார்களாம். டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபலுக்கும் இதய நோய் வந்தது. வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தது அதே நைட்ரோகிளிசரின். விதியின் கேலி என்று 1896-இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

அண்ணா சிரித்தார். அடுத்த வாரம் அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நாலு நாளாக மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். உங்களிடம் சொன்னால் மறுபடி கதை சொல்வீர்களாம்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மார்வலி திரும்பக்கூடும். அவரை அந்த ஆபத்துக்குத் தள்ளியதில் என் ஆறுதலுக்கும் பங்கு உண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு எதிலும் அர்த்தம் கண்டுபிடிக்கும் கெட்ட பழக்கம். காரணம் தெரிந்தால் பயம் குறையும், வாஸ்தவம்; வலி குறையுமா? ஒருவருடைய வலியை நல்ல சகுனம் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு அவர் எந்த வாயால் முறையிடுவார்? முனகினால்கூட நன்றி கெட்டவராகிவிடுகிறார். படுத்திருப்பவர் தாமே அந்த அர்த்தத்தைத் தேடிக்கொள்ளலாம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த உரிமை ஏது?

டாக்டரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. அளவைக் குறைத்துக் கொடுத்து, மெள்ள மெள்ளக் கூட்டினார். ஆரம்ப நாட்களுக்குப் பாராசிட்டமாலும் எழுதினார். வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. என்றாவது ஒரு நாள் எட்டிப் பார்க்கும்.

போன புதன்கிழமை போயிருந்தேன். அறை இருட்டாக இருந்தது.

"எப்படி இருக்கிறது, அண்ணா?"

"இன்றைக்குத் திங்கட்கிழமைடா" என்றார்.

நான் ஒன்றும் பேசாமல், திறந்திருந்த ஒற்றை ஜன்னலையும் சாத்தினேன்.