ஆடு திருடிய தகப்பன்

பழைய சீனாவில் ஷெ என்ற ஊரின் ஆட்சியாளர் ஒருமுறை அறிஞர் கன்ஃபூசியஸிடம் பெருமை பேசினார். எங்கள் பக்கத்தில் நேர்மைக்குப் பேர்போன ஒருவன் உண்டு, தகப்பன் ஆடு திருடியபோது அவனே போய்ச் சாட்சி சொன்னான் என்றார். கன்ஃபூசியஸ் மெச்சவில்லை. எங்கள் ஊரில் தகப்பனுக்காக மகனும் மகனுக்காகத் தகப்பனும் மறைப்பார்கள், நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது என்று பதில் சொன்னார்.

முதல் வாசிப்பில் இந்தப் பதில் உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆட்டைப் பறிகொடுத்தவனைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. அவனுக்கு அந்த ஒரு ஆடுதான் சொத்தோ என்னவோ. ஆனால் கன்ஃபூசியஸ் திருட்டை ஞாயப்படுத்தவில்லை. பெற்றோர் தவறு செய்தால் மரியாதை குறையாமல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் போதித்ததுதான். அப்படியானால் மறைக்கும் மகனுக்கு வேலை முடிந்துவிடவில்லை. தகப்பனிடம் பேசி, விடிவதற்குள் ஆட்டை உரியவன் வாசலில் கட்டிவிட்டு வர வேண்டும். அதைச் செய்யாமல் மறைப்பது திருட்டுக்கு உடந்தையாவதுதான்.

ஆடு சரி, கொலை என்றால்? மோசி என்ற இன்னொரு சீன அறிஞரின் வழிவந்தவர்களின் தலைவர் ஃபூ துன் சின் நாட்டில் இருந்தபோது அவர் மகன் ஒருவனைக் கொன்றுவிட்டான். கிழவர், வேறு பிள்ளையும் இல்லை என்று இரங்கி மன்னரே மன்னித்தார். ஃபூ துன் ஏற்கவில்லை. கொன்றவன் சாக வேண்டும் என்பது எங்கள் விதி என்று மகனைச் சாகக் கொடுத்தார். வணங்கத்தக்க உறுதிதான். எல்லாரிடமும் அதை எதிர்பார்ப்பது கொடுமை.

கன்ஃபூசியஸின் வழிவந்த மென்சியஸ் சொன்ன விடை இதைவிட ஆழமானது. பேரரசர் ஷுன்னின் தகப்பன் கொலை செய்திருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். நீதிபதி கைது செய்வார், ஷுன் தடுக்க மாட்டார் என்றார் மென்சியஸ். பிறகு? தேய்ந்த செருப்பைக் கழற்றிப் போடுவதுபோல அரியணையை விட்டுவிட்டு, தகப்பனை முதுகில் சுமந்துகொண்டு கடற்கரைக்கு ஓடிப்போவார். பாசத்துக்காக அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை, அதிகாரத்தையே விலையாகக் கொடுத்தார். இன்று பிள்ளைக்காகக் காவல் நிலையத்துக்குப் போன் போடும் பெரிய மனிதர்கள் எதையும் இழப்பதில்லை. அவர்கள் செய்வதும் ஷுன் செய்வதும் ஒன்றல்ல.

சீனச் சட்டமும் இந்த மறைப்பை ஏற்றது. கி.பி. 653இல் வந்த தாங் சட்டத் தொகுப்பு உறவினர் குற்றத்தை மறைப்பவரைத் தண்டிக்கவில்லை. ஒரு விலக்கு மட்டும் வைத்தது: அரசுக்கு எதிரான சதியை மறைக்கக் கூடாது. ஊரான் ஆடு என்றால் பாசத்துக்கு இடம் உண்டு, அரியணை என்றால் இல்லை. நெடுங்காலமாக இருந்த இந்த விலக்கு என்ற ஓட்டை, மாவோ ஆட்சியின் கலாச்சாரப் புரட்சியில் பெரும் பள்ளமாகிவிட்டது. 1970இல் அன்ஹுய் மாகாணத்தில் ஒரு தாய் வீட்டுக்குள் மாவோவைக் குறை சொன்னார். பதின்வயது மகனே எழுதிக் காட்டிக்கொடுத்தான். சுமார் இரண்டு மாதத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1980இல் அந்தத் தீர்ப்புத் தவறென்று ரத்தானது. பெற்றோரையும் பிள்ளைகளையும் வாழ்க்கைத் துணையையும் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2012இல் சீனச் சட்டம் திருத்தப்பட்டது. காட்டிக்கொடுத்த அந்த மகன் பிற்காலத்தில் தாயின் கல்லறைக்குப் போய் அழுதுகொண்டிருந்தார். ஷெ ஆட்சியாளர் மெச்சிய நேர்மையைத்தான் அவர் அன்று காட்டியிருந்தார்.