முதல் வாசிப்பு யாருடையது?

தான் ரசித்த ஒன்றை இன்னொருவனுக்கு அறிமுகம் செய்வதைத் தானம் என்றே நினைக்கிறோம். கொடுத்தாலும் குறையாத செல்வம் என்று கல்வியைப் பற்றிச் சொல்வதை இதற்கும் சொல்லிவிடுகிறோம். இது சரிதானா என்று சோதித்துப் பார்க்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ஜப்பானிய அனிமேயிலும் விஷுவல் நாவலிலும் ஊறிய ரசிகர்கள் ஒரு புதியவனை உள்ளே அழைத்து வருகிற முறைதான் அது. இலக்கியத்தில் மங்கலாகத் தெரியும் பிரச்னை அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

அந்த ரசிகன் என்ன செய்கிறான்? எதில் ஆரம்பிக்க வேண்டும், அடுத்தது எது, எதை விட்டுவிடலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறான். அத்துடன் நிற்பதில்லை. புதியவன் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, திரையைப் பார்க்காமல், புதியவனின் முகத்தைப் பார்க்கிறான். தனக்கு முன்பு நேர்ந்தது இவனுக்கும் நேர்கிறதா என்று காத்திருக்கிறான். ஒரு படைப்பை முதல் தடவையாக எதிர்கொள்வது ஆயுளில் ஒரே தடவைதான் சாத்தியம். அது அவனுக்குத் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததை இன்னொருவன் முகத்திலிருந்து மீட்டுக்கொள்ளப் பார்க்கிறான். கொடுப்பவன் அவன் என்று தோன்றினாலும் உண்மையில் கையேந்தி நிற்பவனும் அவன்தான். இதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தானம் என்று சொல்லிக்கொள்ளும்போது, வாங்குகிறவனுக்கு ஒரு கடன் உண்டாகிவிடுகிறது.

அந்தக் கடன் என்னவென்று பார்க்கலாம். விஷுவல் நாவல்களில் ‘அழவைக்கும் ஆட்டம்’ என்று ரசிகர்களே பெயர் வைத்த ஒரு வகை உண்டு. கீ நிறுவனத்தின் ‘கனோன்’ (1999), ‘க்ளானட்’ (2004) போன்றவை அதில் அடங்கும். புதியவனிடம் இவற்றைக் கொடுக்கும்போது, “அழாமல் முடித்தவன் கிடையாது” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து அவனுக்குக் கண்ணீர் ஒரு பாக்கியாகிவிடுகிறது. அழுகை வந்தால், வரவேண்டியது வந்தது என்று நிம்மதி. வராவிட்டால் தன்னிடம் ஏதோ குறை என்ற பயம். இரண்டிலும் அவன் கண் தன் மேல்தான் இருக்கிறது. படைப்பின் மேல் இல்லை. உணர்ச்சி கடமையானபின் அது நடிப்பாவதற்கு அதிக தூரமில்லை. முடிவில் அவன் “ஆமாம், அழுதேன்” என்கிறான். கொடுத்தவன் திருப்தியடைகிறான். ஒரு நட்பில் ஒரு சிறிய பொய் உட்கார்ந்துகொள்கிறது.

விஷுவல் நாவலில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கூர்மையாகிறது. அதன் உருவம் அப்படி. கணினித் திரையில் ஒரு பின்னணிச் சித்திரம், அதன் முன்னால் ஒன்றிரண்டு பாத்திரங்களின் உருவம், திரையின் கீழ்ப்பாகத்திலோ அல்லது திரை முழுவதுமோ எழுத்து, கூடவே இசை. வாசகன் விசையை அழுத்த அழுத்த வரிகள் நகர்கின்றன. சில இடங்களில் கதை நின்று, இரண்டு மூன்று வழிகளை முன்வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தேர்வுக்கேற்பக் கதை கிளை பிரிகிறது. 1992ல் சுன்சாஃப்ட் நிறுவனம் ‘ஓதொகிரிஸோ’ என்ற திகில் கதையை இவ்விதம் செய்து அதைச் ‘சவுண்ட் நாவல்’ என்றது. 1996ல் லீஃப் நிறுவனம் ‘ஷிஸுகு’ முதலாக வெளியிட்ட வரிசைக்கு ‘விஷுவல் நாவல்’ என்று பெயர் சூட்டியது. பெயர் நிலைத்துவிட்டது.

சாதாரண நாவலில் வாசகனின் அறியாமை ஒரு நிலைமை மட்டுமே. இங்கே அது கட்டுமானப் பொருள். இந்தக் கதவா அந்தக் கதவா என்று கேட்கப்படும்போது, பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் இருப்பதால்தான் அது தேர்வு. தெரிந்துவிட்டால் அது வெறும் விசையழுத்தம். ரசிகர்கள் தயாரித்துப் பரப்பும் ‘வாக்த்ரூ’ என்ற வழித்துணைப் பட்டியல் இருக்கிறதே, அது முதல் கேள்விக்கு இரண்டாவது விடை, அடுத்ததற்கு முதலாவது விடை என்று கடைசிவரை எழுதி வைத்திருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பவன் எந்த முட்டுச்சந்திலும் மாட்டுவதில்லை. எவரையும் கைவிடுவதில்லை, எவரையும் காப்பாற்றுவதுமில்லை. கதாநாயகன் செய்தவற்றுக்கு அவனுக்குப் பொறுப்பே கிடையாது, பட்டியலுக்குத்தான் பொறுப்பு. தார்மீகத்தைத் தன் உருவத்திலேயே வைத்திருக்கும் ஒரு கலை, அதை எடுத்துவிட்ட பிறகு அவனிடம் போய்ச் சேர்கிறது.

இதற்கு ரசிகனிடம் நியாயமான பதில் இருக்கிறது. இப்படைப்புகளில் பல பத்து மணி நேரங்களை விழுங்குபவை. துணையில்லாமல் போகிறவன் மூன்றாவது முட்டுச்சந்திலேயே சலித்துத் திரும்பிவிடுவான். வழிதவறிப் போனவனைவிடக் கைபிடித்து வந்தவனே மேல் என்கிறான். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிற எவருக்கும் இதன் மறுபக்கமும் தெரியும். செலான் நிரப்பத் தெரியாதவருக்கு நாமே நிரப்பிக் கொடுத்துவிடுவது சுலபம், வரிசையும் நகரும். அடுத்த மாதமும் அவர் வெற்றுச் செலானை நீட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்பார். அவர் எழுதி, நாம் பார்த்து, தப்பிருந்தால் காட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். உதவியா இல்லையா என்பதல்ல கேள்வி. உதவி எந்தக் கணத்தில் வருகிறது என்பதே கேள்வி.

இதற்கு ஒரு விடை, விஷுவல் நாவலுக்குள்ளேயே, வேடிக்கையான வேஷத்தில் இருக்கிறது. டைப்-மூன் 2004ல் வெளியிட்ட, நாஸு கினோகோ எழுதிய ‘ஃபேட்/ஸ்டே நைட்’டில் தவறான தேர்வுகளின் மூலம் போய்ச் சேரக்கூடிய மோசமான முடிவுகள் 40 உண்டு. பெரும்பாலும் கதாநாயகன் சாகிறான். ஒவ்வொன்றிற்கும் பிறகு ‘புலிப் பயிற்சிக்கூடம்’ என்ற ஒரு காட்சி வருகிறது. கதையில் பள்ளி ஆசிரியையாக வருபவள் கெண்டோ உடையில், ஒரு சிஷ்யையோடு தோன்றிக் கேலி பேசி, எங்கே தப்பினாய், எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாள். கோமாளித்தனமான காட்சி. ஆனால் அறிமுகம் செய்பவனின் தர்மம் அதில் முழுசாக இருக்கிறது. அவள் முன்னால் வருவதில்லை, விழுந்த பிறகுதான் வருகிறாள். விழுந்தவனை அவமானப்படுத்தாமல் சிரிக்க வைக்கிறாள். அடுத்த அடியை மட்டும் சொல்கிறாள், முடிவைச் சொல்வதில்லை.

பிளேட்டோவின் ‘மெனோ’வில் ஸாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கக் கேட்கும் இடமும் இதேதான். பையன் பக்கத்தை இரட்டிப்பாக்கு என்கிறான், தப்பு. வேறொரு அளவு சொல்கிறான், அதுவும் தப்பு. எனக்குத் தெரியவில்லை என்று அவன் திகைத்து நிற்கும்போதுதான் ஸாக்ரடீஸ் மூலைவிட்டத்துக்கு வருகிறார். அந்தத் திகைப்பு பையனுக்கு நஷ்டமா என்று மெனோவையே கேட்கிறார். முதலிலேயே மூலைவிட்டத்தைக் காட்டியிருந்தால் பையனுக்கு விடை கிடைத்திருக்கும், கேள்வி கிடைத்திருக்காது.

அனிமேயில் தேர்வு கிடையாது. அங்கே வரிசைதான் பிரச்னை. க்யோட்டோ அனிமேஷன் 2006ல் தயாரித்த ‘ஸுஸுமியா ஹருஹியின் துயரம்’ தொடரின் 14 பகுதிகள் கால வரிசை கலைந்து ஒளிபரப்பாயின. முதல் வாரத்தில் வந்ததே, எந்த முன்னுரையுமில்லாமல், பாத்திரங்கள் தாங்களே எடுத்த ஒரு கத்துக்குட்டிப் படம். பார்த்தவர்களுக்குத் தலைகால் புரிந்திருக்காது. 2009ல் புதிதாக 14 பகுதிகளைச் சேர்த்து, கால வரிசைப்படியே ஒளிபரப்பினார்கள். புதியவனுக்கு இன்று கால வரிசையைச் சிபாரிசு செய்பவர்கள், புரியும் என்பதற்காகச் செய்கிறார்கள். புரியாமல் உள்ளே விழுவது ஒரு அனுபவம் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

அந்த 2009ன் புதிய பகுதிகளில் ‘முடிவற்ற எட்டு’ என்பது எட்டு வாரங்கள் ஓடியது. ஏறத்தாழ ஒரே கதை, எட்டுத் தடவை; ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்து, புதிதாகக் குரல் கொடுத்து. ரசிகர்களே கொதித்துப் போனார்கள். இப்போது புதியவனிடம், முதலாவதையும் கடைசியையும் பார், நடுவில் உள்ளதை விட்டுவிடு என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். எட்டு வாரச் சலிப்பு நல்ல கலையா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் கதைக்குள் அந்தச் சலிப்பை மறக்க வழியில்லாமல் தாங்க நேர்ந்த ஒரு பாத்திரம் இருக்கிறது. 2010ல் வந்த திரைப்படத்தின் பாரம் முழுவதும் அதன் தோளில்தான். நடுவை விட்டவனுக்கு அந்தத் தோளின் வலி ஒரு தகவலாகவே போய்ச் சேரும். இதற்கு மேல் சொன்னால், நான் குறை சொல்லிக்கொண்டிருக்கும் காரியத்தையே செய்தவனாவேன்.

அப்படியானால் முன்கூட்டியே எதையும் சொல்லக்கூடாதா? சொல்லியே ஆக வேண்டியதும் உண்டு. இந்தத் துறையின் பெயர் பெற்ற படைப்புகளில் பல வயது வந்தோருக்கான கணினிச் சரக்காகவே பிறந்தன. ‘கனோன்’ அப்படித்தான் விற்கப்பட்டது. ‘ஃபேட்/ஸ்டே நைட்’டும் அப்படித்தான். பிந்தையதன் பாலியல் காட்சிகள் 2007ன் பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் நீக்கப்பட்டன; 2024ல் முதன்முறையாக முறைப்படி ஆங்கிலத்தில் வந்த பதிப்பும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் ஆங்கில வாசகனுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, காசு வாங்காமல் உழைத்த ரசிகர்களின் மொழிபெயர்ப்பு. அது 2008ல் முழுமை பெற்றது. அது மூலப் பதிப்பின் மேல் செய்தது. அறிமுகம் செய்கிறவன் தன் காதலுக்கு இழுக்கு என்று கருதி இதைப் பேசாமல் விட்டுவிடுவது வழக்கம். பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் எந்தப் பதிப்பைக் கொடுக்கிறோம் என்பது ரஸனைப் பிரச்னை அல்ல. தவறும் உரிமை வேறு, ஏமாற்றப்படுவது வேறு. அர்த்தத்தைப் பற்றி மௌனம், காயத்தைப் பற்றி வாய்மை என்று ஒரு கோடு போடலாம் என்று தோன்றுகிறது. இந்த இடத்தில் பெண் இழிவுபடுகிறாள், இந்த இடத்தில் ரத்தம் இருக்கிறது என்று சொல்வதால் எந்தப் படைப்பும் கெட்டுவிடாது. இந்த இடத்தில் நீ இப்படி உணர வேண்டும் என்று சொல்வதால்தான் கெடும்.

கைபிடித்து இழுப்பவனுக்கு எதிர்முனையில் வாசலில் நின்று பரீட்சை வைப்பவன் இருக்கிறான். இத்தனை பார்க்காதவன் ரசிகனே அல்ல என்கிறவன். இரண்டு பேரும் ஒரே ஆளின் இரண்டு முகங்கள்தான். ஒருவன் புதியவனைத் தன் பிரதியாக்குகிறான், மற்றவன் தன் பிரதியாக வந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிறான்.

இவர்களுக்குப் பொதுவான பெயர் ‘ஒதாகு’. 1983ல் நகமொரி அகியோ ஒரு பத்திரிகைத் தொடரில் இந்த ரசிகர்களைக் கேலி செய்து பரப்பிய பெயர் அது. ஒருவரையொருவர் அவர்கள் அப்படி விளித்துக்கொண்டதிலிருந்து எடுத்தது. ‘ஒதாகு’ என்றால் ‘தங்கள் இல்லம்’. அதிலிருந்து ‘தாங்கள்’ என்ற மரியாதை விளி. பள்ளிப் பையன்கள் தங்களுக்குள் தாங்கள், தாங்கள் என்று பேசிக்கொண்டது நகமொரிக்கு விகாரமாகப் பட்டது. எனக்கு அந்த விளியில் ஒரு பண்பு தெரிகிறது. தங்கள் இல்லம் என்பவன் வாசற்படிக்கு வெளியே நிற்கிறான்; உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறான். நட்பு முற்றுவதற்கு முன் இருக்க வேண்டிய தூரம் அது. புதியவனிடம் அந்தத் தூரத்தைக் காப்பதுதான் கஷ்டம்.

1975 டிசம்பரில் டோக்கியோவில் முதல் காமிக் மார்க்கெட் கூடியபோது வந்த குழுக்கள் 32. வந்தவர்கள் சுமார் 700 பேர். 2019 கோடையில் நாலு நாளில் 7 லட்சத்துக்கு மேல். எண்ணிக்கை எவ்வளவு ஊதினாலும் அங்கே ஒரு கோட்பாடு உண்டு: விற்பவன், வாங்குபவன், ஒழுங்கு பார்ப்பவன் அனைவரும் ‘பங்கேற்பவர்’, வாடிக்கையாளர் என்று எவரும் கிடையாது. அங்கே கைமாறும் ‘தோஜின்ஷி’ என்ற சொல்லும் சிறுபத்திரிகையிலிருந்து வந்ததே. 1885ல் ஒஸாகி கோயோவும் நண்பர்களும் தொடங்கிய ‘கராகுத பூன்கோ’ போன்ற இலக்கியக் குழு ஏடுகளுக்கு வழங்கிய பெயர் அது. ஒரே நாட்டமுள்ளவர்களின் ஏடு என்று பொருள். இந்தப் பக்கங்களை வாசிக்கிற சிலருக்கு இது அந்நியமான சமாச்சாரமாக இருக்க முடியாது. புதுக்கவிதை புரியவில்லை என்று வந்தவனிடம் நாமும் ஒன்று பொழிப்புரை சொன்னோம், அல்லது போய்விடு என்றோம்.

கொடுக்கவே முடியாதவையும் உண்டு. அரசு ஊழியராக இருந்த ர்யூகிஷி07 எழுதிய ‘ஹிகுராஷி’யில் தேர்வுகளே இல்லை. 2002 ஆகஸ்டிலிருந்து 2006 ஆகஸ்ட் வரை எட்டுப் பாகங்களாக அதே காமிக் மார்க்கெட்டில் வெளிவந்தது. முதல் நான்கில் புதிர், பின் நான்கில் விடை. இடைப்பட்ட மாதங்களில் வாசகர்கள் ஊகித்து, வாதாடி, தோற்றார்கள். இன்று வருகிறவனுக்கு எட்டும் ஒரேயடியாகக் கிடைக்கின்றன. அந்தக் காத்திருப்பை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. அவனுக்கு வேறொரு ‘ஹிகுராஷி’தான் கிடைக்கும். அது நம்முடையதைவிட மட்டமானது என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அறிமுகம் செய்கிறவன் கொடுக்கக்கூடியது பெயர், இருக்கும் இடம், காயப்படுத்தக்கூடியவை பற்றி ஒரு சொல், விழுந்தால் கூப்பிடு என்ற உறுதி, இவ்வளவுதான். பிறகு எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவன் பாதியில் மூடி வைத்துவிட்டு, எனக்குப் பிடிக்கவில்லை என்று வந்து சொல்லலாம். அதைக் கேட்டுக்கொள்ள முடியாதவன் கொடுக்காமலே இருக்கலாம்.