பாடும் வயிற்றுப்பாடும்

அடுத்த ஏழு நாளுக்கு என்ன சமைப்பது என்பதை ஒரு குடும்பம் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அதற்கேற்ப அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் ஆகியவற்றை ஒரே முறையில் வாங்கி வைப்பது வெறும் வீட்டுக் கணக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் நாளைய உணவை இன்றே எண்ணலாமா, அவ்வாறு எண்ணுவது படியளப்பவன் மீதுள்ள நம்பிக்கையைக் குறைப்பதாகுமா என்னும் கேள்வி, ஏறக்குறைய எல்லாச் சமயங்களும் எதிர்கொண்டு வெவ்வேறு விதமாக விடையளித்துள்ள பழங்கேள்வியாகும். மாதச் சம்பளம் பெறும் வீடுகளில் இக்கேள்வி மங்கியே இருக்கிறது. நாளை வலையில் என்ன விழும் என்பதை எவரும் அறியாத பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் அது ஒவ்வொரு மாலையும் அடுப்பங்கரையில் எழுகிறது.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியதாக எண்ணப்படுவது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்திருக்க, ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்தீவு அதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. கடல்நீரும் மீன்குஞ்சுகளும் ஏரிக்குள் வந்துபோகும் வாயிலான முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும் காலங்களில் மீன்பாடு குறைகிறது. ஏரிக்கரையில் அம்மன் கோயில்களும், மகிமை மாதா ஆலயமும், பள்ளிவாசல்களும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில் இருப்பதால், ஒரே நீரை நம்பி வாழும் மக்கள் நாளையைப் பற்றிய கேள்வியை மூன்று மரபுகளின் மொழியில் கேட்டு வந்துள்ளனர் எனலாம்.

இம்மக்களின் சொல்வழக்கில் ‘பாடு’ என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. வலை கட்டும் இடமும் பாடு, வலையில் அகப்படுவதும் மீன்பாடு, அதற்காக உழைப்பதும் பாடுபடுதல், உழைத்துப் பெற்றதைக் கொண்டு உயிர் வாழ்வது வயிற்றுப்பாடு. இச்சொல்லின் பெயராலேயே அறியப்படும் பாட்டு முறை என்பது, ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீரோட்டப் பகுதிகளில் குச்சிகளை ஊன்றி வலை கட்டும் உரிமையைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபாகும். ஊர்க் கணக்கில் தலைக்கட்டாக, அதாவது மணமாகித் தனிக்குடும்பமாக எண்ணப்படும் ஆணுக்கே இவ்வுரிமை உண்டு. நல்ல இடம் எவருக்கு, எந்நாள் என்பது சீட்டுக் குலுக்கலாலும் சுழற்சியாலும் தீர்கிறது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதே பெயரில் இதனையொத்த முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது.

இம்முறையின் உட்பொருள் பொருளாதாரத்தோடு நின்றுவிடுவதன்று. எவ்வளவு கிடைக்கும் என்பதை நீருக்கும் தெய்வத்துக்கும் விட்டுவிட்டு, எவருக்கு எப்போது வாய்ப்பு என்பதை மட்டும் மனிதர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்கின்றனர். குலுக்கல் என்பது விதியின்முன் பணிதல். சுழற்சி என்பது அடுத்தவனுக்கும் நாளை உண்டு என்று ஏற்றுக்கொள்ளுதல். நம்பிக்கையும் திட்டமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நூல்களில் தேட வேண்டியதில்லை.

ஆனால் ஏரியில் இவ்வளவு நுட்பமாக அமைந்த முறைவைப்பு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. நீரோட்டம் வலுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டிக் கையில் பணம் புரளும். இடைப்பட்ட நாட்களில் அது வற்றும். அந்த ஏற்ற இறக்கத்தை மூன்று வேளை உணவாக மாற்றிச் சமன்செய்யும் பொறுப்பு பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுகிறது. விலைபோகும் இறாலும் நண்டும் வியாபாரியிடம் சென்றுவிட, வீட்டுக் குழம்புக்கு எஞ்சுவது காரப்பொடி போன்ற சிறு மீன்; அதுவும் இல்லாத நாளில் மளிகைக் கடைப் பற்று. கடைக்காரர் நோட்டில் எழுதும் கடன் பாக்கிக்குப் ‘பற்று’ என்றே பெயர். தத்துவ நூல்கள் அறுக்கச் சொல்லும் பற்றும் இதே சொல்தான் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இந்தப் பற்றை அறுக்க முடியாமல் உறக்கம் கெடும் வீட்டுக்கு அந்தப் பற்றைத் துறக்கும்படி உபதேசிப்பது எவ்வளவு பொருந்தும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றன்று சிறு பொட்டலமாகக் கடனுக்கு வாங்குவது பெரும்பாலும் மொத்தமாக வாங்குவதைவிடச் செலவு மிக்கது. வியாபாரியிடம் முன்பணம் பெற்ற குடும்பமோ தன் மீனுக்கு விலை பேசும் உரிமையையே இழந்துவிடுகிறது.

கிறித்தவ மரபில் இக்கேள்வி இரண்டு இடங்களில் கூர்மையடைகிறது. முதலாவது, விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் வரும் மன்னாவின் வரலாறு. பாலைவனத்தில் வானிலிருந்து கிடைத்த அவ்வுணவை ஒவ்வொருவரும் அன்றைய தேவைக்கு மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது கட்டளை; மறுநாளைக்கென்று வைத்தது புழுத்து நாறியது. மீன் எவ்வளவு விரைவில் கெடும் என்பதை அறிந்த மக்களுக்கு இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே நூல், ஆறாம் நாளில் இரு மடங்கு சேர்த்து ஏழாம் நாளான ஓய்வுநாளுக்கு வைக்கும்படியும் பணிக்கிறது. அவ்வாறு வைத்தது கெடவில்லை. எனவே அங்கே விலக்கப்பட்டது சேமிப்பு அன்று, அச்சத்தால் சேர்ப்பதே; ஓய்வுக்காக முன்கூட்டி ஏற்பாடு செய்வது கட்டளையாகவே அமைகிறது. ஒரு வாரத்தை அலகாகக் கொண்ட உணவுத் திட்டத்தின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இதனைக் கொள்வதில் தவறில்லை.

இரண்டாவது, இயேசு கற்பித்த மன்றாட்டில் அன்றாட உணவைக் கேட்கும் வரி. அங்கே ‘அன்றாட’ என்னும் பொருளில் மொழிபெயர்க்கப்படும் ‘எபியூசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வழக்கில் இல்லாதது என்றும், நற்செய்தியாளர்களே ஆக்கியதாகத் தோன்றுகிறது என்றும் மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிகன் குறிப்பிட்டார். விவிலியத்தை இலத்தீனில் தந்த புனித ஜெரோம், எபிரேயர் நற்செய்தி எனப்பட்ட ஒரு பழைய நூலில் அவ்விடத்தில் ‘மாஹார்’, அதாவது ‘நாளைக்குரிய’ என்னும் சொல் இருந்ததாகப் பதிவு செய்துள்ளார். அவ்வாறாயின் கேட்கப்படுவது நாளைய உணவை இன்றே தரும்படியாகும். அறிஞரிடையே இது முடிவுற்ற செய்தியன்று. எனினும் நாளைக்குக் கவலைப்படாதிருக்கச் சொல்லும் அதே நற்செய்தி நாளைய உணவைக் கேட்கவும் சொல்லியிருக்கக்கூடும் என்பதே, கவலையும் ஏற்பாடும் ஒன்றல்ல என்பதை உணர்த்தப் போதும். கவலை என்பது கையில் இல்லாததைப் பலமுறை எண்ணுவது. ஏற்பாடு என்பது கையில் உள்ளதை ஒருமுறை எண்ணி முடிப்பது.

இசுலாமிய மரபு இதனை ‘தவக்குல்’ என்னும் கோட்பாட்டின் கீழ் ஆராய்கிறது. தன்னால் இயன்றதைச் செய்து விளைவை இறைவனிடம் ஒப்படைக்கும் நம்பிக்கை என்று அதனை விளக்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி நபிகள் கூறிய செய்தி திர்மிதியின் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை அவர் ஒதுக்கி வைத்ததாகப் புகாரியின் தொகுப்பு கூறுகிறது. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் இச்செய்திகளை எடைபோட்டு, தனியனுக்கு ஒரு விதி, குடும்பத்தானுக்கு வேறு விதி என்று பிரிக்கிறார். தனித்து வாழ்பவன் சேமிக்காதிருப்பதைத் தன் பக்குவமாகக் கொள்ளலாம். ஆனால் தன்னை நம்பியிருப்போர்க்கு ஓராண்டு உணவை வைத்திருப்பவன் தவக்குலிலிருந்து விலகியவன் ஆகான், மேலும் தன் பசியைப் பொறுக்கும் ஆற்றல் தனக்குண்டு என்பதற்காக அப்பசியைப் பிள்ளைகள் மீது சுமத்தும் உரிமை அவனுக்கில்லை. நாளையைப் பற்றிய சமயச் சிந்தனையில் இதைவிட இரக்கமுள்ள பகுப்பு அரிது.

இந்து மரபிலோ, மனுநூலின் நான்காம் இயல் இல்லறத்தாரை அவர்கள் வைத்திருக்கும் தானியத்தைக் கொண்டு நான்காக வகுக்கிறது. களஞ்சியம் நிறைய உடையவன், குதிர் அல்லது பானை அளவு உடையவன், மூன்று நாளுக்கு உடையவன், நாளைக்கென எதுவும் இல்லாதவன் எனப் பிரித்து, இவர்களுள் பின்னே வருபவனே முன்னே வருபவனைவிட உயர்ந்தவன் என்கிறது. கடைசியாகச் சொல்லப்பட்டவனுக்கு ‘அஸ்வஸ்தனிகன்’ என்று பெயர். ‘ஸ்வ:’ என்பது நாளை, நாளை இல்லாதவன் என்பது பொருள். இவ்விதி அந்தணரை நோக்கியது. குப்பத்து மீனவன் எத்தனையோ தலைமுறையாக அஸ்வஸ்தனிகனாகவே வாழ்ந்தும் எந்த நூலும் அவனை அதற்காக உயர்ந்தவன் என்று சொல்லவில்லை. விரும்பி ஏற்றால் நோன்பாகும் ஒன்று, சுமத்தப்பட்டால் வறுமையாகிறது. பௌத்தத் துறவியும் மறுநாளுக்கென்று உணவைச் சேமிக்கக் கூடாது என்பது சங்க விதி. ஆனால் அவர் கையிலுள்ள பாத்திரம் நிறைவதற்கு, நாளையை எண்ணி அரிசி வைத்திருக்கும் ஒரு வீடு தெருவில் இருந்தாக வேண்டும். துறவு, இல்லறத்தின் திட்டமிடலில்தான் உண்டு வாழ்கிறது.

மீனவர் மரபுக்கே உரிய சான்றாகச் சேக்கிழார் பாடிய அதிபத்த நாயனார் வரலாறு நிற்கிறது. நாகப்பட்டினத்து நுளைப்பாடியைச் சேர்ந்த பரதவர் தலைவரான இவர், பிடிபடும் மீன்களுள் சிறந்த ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்தார். நாளொன்றுக்கு ஒரே மீன் அகப்பட்ட காலத்திலும் அதனையே விட்டார். சுற்றத்தார் பசியால் வாடியபோதும் அதில் தவறவில்லை. இறுதியில் அகப்பட்ட பொன்மீனையும் அவர் விட்டபோது இறைவன் காட்சியளித்தார். இவ்வன்பின் பெருமையைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் இடமில்லை. ஆனால் இக்கதையை வாழ்க்கை விதியாக எடுத்துக்கொள்வோர், அந்த ஒற்றை மீன் கடலுக்குத் திரும்பிய மாலையில் அவர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்டாக வேண்டும். நாயன்மார் கதைகள் பக்தியின் எல்லையைக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்டவை. எல்லைக்கல்லின்மேல் எவரும் வீடு கட்டுவதில்லை. நாளையைத் துறக்கும் உரிமை தன் இலையில் விழும் சோற்றோடு முடிகிறது என்னும் கஸ்ஸாலியின் பகுப்பை இங்கே கொண்டுவந்து வைத்தால்தான், அதிபத்தரின் ஈகமும் அவர் சுற்றத்தாரின் பசியும் ஒருசேரக் கண்ணில் படும்.

உண்மையில் குப்பத்துச் சமய வாழ்க்கை உணவைத் திட்டமிடுவதை என்றும் தடுத்ததில்லை. வெள்ளிக்கிழமையில் கவிச்சி தவிர்க்கும் வீடும், புரட்டாசிச் சனிக்கிழமை நோற்கும் வீடும், தவக்கால வெள்ளிகளைக் கணக்கிடும் வீடும், ரமலானில் சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய உணவுக்கு முதல்நாளே ஆயத்தம் செய்யும் வீடும் நாட்களை உணவால் பிரித்தே வாழ்கின்றன. ஆடிக் கூழுக்கு வீட்டுக்கு வீடு கேழ்வரகு திரட்டுவதும் ஒரு கூட்டுத் திட்டமே. கெடும் மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்கி, புயலும் வாடைக்காற்றும் படகைக் கரையில் நிறுத்தும் ஐப்பசி கார்த்திகைக்கு வைப்பது, மன்னாவின் ஆறாம் நாளை ஒத்த செயலாகும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் சோற்றுக்கான கவலை தணிந்திருக்கிறது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒரு பெண் சிறுகச் சேர்க்கும் 1,500 ரூபாய், அரசு தரும் 3,000 ரூபாயுடன் சேர்ந்து 4,500 ரூபாயாக மீன்பாடு குறைந்த மாதங்களில் திரும்புகிறது. யோசேப்பு எகிப்தில் ஏழு ஆண்டு விளைச்சலை ஏழு ஆண்டுப் பஞ்சத்துக்கு வைத்த கதையை விவிலியமும் குர்ஆனும் ஒருங்கே போற்றுவதை இங்கு நினைக்கலாம்.

எனினும் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டா என்னும் கேள்வி எஞ்சுகிறது. லூக்கா நற்செய்தியில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வன் அறிவிலி எனப்பட்டது, அவன் சேர்த்ததால் மட்டுமன்று. அவன் பேச்சில் தன்னைத் தவிர வேறெவரும் இல்லாததாலும் ஆகும். குழம்பு வைக்கையில் சற்றே கூடுதலாக நீர்விட்டு அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்படி நபிகள் தம் தோழர் அபூதர்ருக்குச் சொன்னதாக இமாம் முஸ்லிமின் நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தியும் இதே திசையில் நிற்கிறது. வார உணவுத் திட்டம் என்பது எழுதிவைத்த அளவுக்குமேல் ஒரு கிண்ணத்துக்கும் இடம் வைக்கும்போது களஞ்சியமாவதில்லை. மேலும் அத்திட்டம் வீட்டுப் பெண்ணொருத்தியின் மனத்தில் மட்டும் ஓடும் கணக்காக இருந்தால் அவள் கவலை குறையாது. வலைக்குச் செல்பவனும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் அறிந்து ஒப்புக்கொண்ட கணக்காக இருக்க வேண்டும். பாட்டு முறையில் எவன் முறை எந்நாள் என்பதை ஊரே அறிந்திருப்பது போல.

அந்த ஊர்க் கணக்கிலும் சேராதவர்கள் ஏரியில் உள்ளனர். தலைக்கட்டுக் கணக்குக்கும் பாட்டு முறைக்கும் வெளியே, இடுப்பளவுச் சேற்றுநீரில் அமர்ந்தும் நகர்ந்தும் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு வலையும் இல்லை, குலுக்கலில் சீட்டும் இல்லை. அன்று கைக்கு எட்டியது அன்றைக்கே சரியாகிவிடும் அவ்வீடுகளில் ஏழு நாளைக்கு வகுத்துக்கொள்ள முதலில் ஓரிரு நாளின் உபரியாவது வேண்டும். அந்த உபரியை எவர் தம் முறையிலிருந்து விட்டுக்கொடுப்பது என்னும் கேள்விக்கு ஏரிக்கரையின் மூன்று மரபினரும் இன்னும் விடை சொல்லவில்லை.