சிறகுச் சின்னமும் மூன்று அளவைகளும்

விமானிகள் மார்பில் அணியும் சிறகுச் சின்னம் பிரிட்டிஷ் படைகளில் 1913 பெப்ரவரியில் ஏற்பு பெற்றது. அரச பறக்கும் படை தொடங்கி அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. அதே ஆண்டில் ஜெர்மனியும் அமெரிக்காவும் தத்தம் விமானிகளுக்குச் சின்னம் வகுத்தன. நூறாண்டு கடந்த இச்சின்னங்களை இன்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு சின்னத்தைப் பற்றியும் கேட்கும் கேள்விகள் இரண்டு: இதைச் செய்தது யார், இதை அணிந்தது யார். கேட்கும்போது இரண்டும் ஒரே வகைக் கேள்வியாகத் தோன்றும். அறிவு எவ்வழியில் கிடைக்கிறது என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

அறியும் வழியைத் தமிழ் மரபு அளவை என்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்தத்துக்கு உரிய அளவைகள் இரண்டே என்கிறார்: காட்சியும் கருதலும். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், காண்டல், கருதல், உரை என மூன்றைக் கொள்கிறது. உரை என்பது நம்பத்தக்கவரின் வாக்கு. அதைத் தனி அளவையாக ஏற்பதா, சொன்னவர் நம்பத்தக்கவர் என்று கருதி அறிவதால் கருதலுக்குள் அடக்குவதா என்ற வழக்கு சைவருக்கும் பௌத்தருக்கும் இடையே நெடுங்காலம் நடந்தது. கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளிச் சின்னத்திலும் அந்த வழக்கு எழுகிறது.

செய்தவரைத் தேடும் வேலையில் காண்டலுக்கே முதலிடம். சீருடையில் தைத்த பிரிட்டிஷ் சிறகுகள் பெரும்பாலும் துணியில் பூவேலை செய்தவை. அவற்றில் செய்தவர் அடையாளம் அரிது. விமானிகள் தாய்க்கும் மனைவிக்கும் காதலிக்கும் கொடுத்த சிறகு வடிவ உடை ஊசிகள் அப்படியல்ல. அவற்றில் வெள்ளியால் ஆனவற்றின் பின்புறத்தில் பல வேளைகளில் முத்திரை வரிசை ஒன்று இருக்கும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம் சோதனைச் சாலை. சிறுத்தைத் தலை இருந்தால் இலண்டன். நடக்கும் சிங்கம் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்குச் சாட்சி. ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். இன்னும் சில எழுத்துகள் நிறுவனத்தைக் காட்டும்.

முத்திரை இல்லாத இடத்தில் கருதல் வருகிறது. 1918 ஏப்ரல் 1இல் அரச விமானப்படை பிறந்தது. ஆகவே அதன் எழுத்துகளைத் தாங்கிய சின்னம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இரண்டாம் எலிசபெத் அரசியின் காலத்தில் சின்னத்திலுள்ள முடியின் வடிவம் மாறியது. அந்த வடிவத்தோடு உள்ள ஒன்றை 1942இன் போர்ப் பொருள் என்று எவர் விற்றாலும் அது பொய். புகையைக் கண்டு நெருப்பை அறியும் அதே நடைதான் இதுவும். காட்சிக்கு ஐயம், திரிபு என்று குற்றங்கள் உண்டென்பதைச் சித்தியார் மறக்கவில்லை. போலிச் சின்னம் செய்பவரின் பிழைப்பே திரிபுக் காட்சியை நம்பி நடக்கிறது.

இதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. பழைய அச்சு அழியாமல் இருந்து, பல ஆண்டு கழித்து அதிலேயே மீண்டும் அடிக்கப்படும் சின்னம் அது. அச்சு உண்மை, உலோகம் உண்மை, சில வேளைகளில் நிறுவனமும் அதே நிறுவனம். ஆனாலும் சேகரிப்பவர் அதைத் தள்ளிவிடுகிறார். அப்படியானால் அவர் தேடுவது வடிவத்தையோ பொருளையோ அல்ல. காலத்தில் அது நின்ற இடத்தை.

இரத்தினக்கல் அகழும் இலங்கையின் இரத்தினபுரிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் உலையில் மாணிக்கம் உருவாக்கும் முறையை வெளியிட்டார், நீலமும் பின்தொடர்ந்தது. சபரகமுவவின் சேற்றில் கிடைக்கும் நீலமும் உலையில் விளைந்த நீலமும் வேதியியலில் ஒன்றே: அலுமினியம் ஒட்சைட்டு. மண்ணில் விளைந்ததற்கே விலை. ஆனால் கல் தன் பிறப்பைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். உலைக்கல்லுக்குள் வளர்ச்சிக் கோடுகள் வளைந்திருக்கும்; இயற்கைக் கல்லில் நுண்ணூசிகள் பட்டு இழை போலப் படர்ந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்திருக்கும் வியாபாரிக்குப் பெரும்பாலும் காண்டலும் கருதலும் போதும். அறவண அடிகள் இங்கே வழக்கில் வென்றுவிடுகிறார்.

அணிந்தவரைத் தேடும்போது அவர் வெல்வது கடினம். 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலவிலிருந்து கட்டலினா பறக்கும் படகில் சென்ற கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியபின் சுட்டுவீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது, இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. ஒரே பட்டறையில் ஒரே ஆண்டில் பூவேலை செய்த துணிச் சிறகுகள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். ஒன்று அன்று வானில் இருந்தது, மற்றது களஞ்சியத்தில் கிடந்தது. எந்த நுண்ணோக்கியும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. அணிந்ததென்பது பொருளுக்குள் பதியும் பண்பு அல்ல, அதற்கும் ஒருவருக்கும் இருந்த உறவு. அதை அறிய விமானியின் பறப்புக் குறிப்பேடு, குடும்பக் கடிதம், இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கும் படைப்பிரிவுப் பதிவேடுகள் ஆகியவையே வழி. எல்லாம் உரைதான். பதிவேடும்கூட அவர் அன்று பறந்தார் என்று சொல்லுமே தவிர, இந்தத் துண்டுத் துணியைப் பற்றி எதுவும் சொல்லாது.

உரை அளவையாக வேண்டுமானால் சொல்பவர் குற்றம் நீங்கியவராக, பயன் கருதிப் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். சந்தையில் சின்னத்தின் கதையைச் சொல்பவர் பெரும்பாலும் அதை விற்பவர். கதைக்கு விலை ஏறும்போது ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், அங்கே இல்லை. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தல வழியே ஏறும் சிவனொளிபாதமலை இதற்கு நேர் மாறானது. உச்சியில் உள்ள பாறைச் சுவடு சைவருக்குச் சிவனுடையது, பௌத்தருக்குப் புத்தருடையது, இஸ்லாமியருக்கு ஆதமுடையது. காட்சி ஒன்றே, உரைகள் மூன்று. தோட்டத் தமிழரும் சிங்களக் கிராமத்தவரும் ஒருவரின் உரையை ஒருவர் விசாரிக்காமல் ஒரே படியில் ஏறுகிறார்கள். சுவட்டை யாரும் விலைபேசுவதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரதி செய்வதே தவறு என்ற சேகரிப்பாளர் மனநிலையைப் பௌத்தத் தாது மரபு ஏற்பதில்லை. வணக்கத்துக்குரிய தாதுக்களை அது மூன்றாக வகுக்கிறது: உடலின் எச்சமான சாரீரிகம், பயன்படுத்தியதான பாரிபோகிகம், நினைவுக்காகச் செய்த உத்தேசிகம். புத்தரின் தந்த தாது முதல் வகை, போதி மரம் இரண்டாவது, புத்தர் சிலை மூன்றாவது. அணிந்த சிறகு பாரிபோகிகத்துக்கு ஒப்பு, பின்னாளில் செய்த பிரதி உத்தேசிகத்துக்கு ஒப்பு. சிலையைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. அது உடல் எச்சம் என்று யாரும் சாதிப்பதுமில்லை. பிரதியின் குற்றம் வகை மாற்றிச் சொல்வதில் இருக்கிறது, செய்ததில் அல்ல.

செய்தவரை ஆராய்வதற்கும் எல்லை உண்டு. முத்திரை எழுத்துகள் கடையின் பெயரைத்தான் சொல்கின்றன. அச்சைச் செதுக்கிய தொழிலாளியும், பர்மிங்காம் பட்டறைகளில் அழுத்துப்பொறியை இழுத்த பெண்களும், துணிச் சிறகின் ஒவ்வொரு இறகையும் ஊசியால் நிரப்பியவர்களும் அந்த எழுத்துகளுக்குள் இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பது வெறும் கருதல். வேலைப்பாடு இருக்கக் காண்பதால் வேலை செய்தவர் உண்டென்று அறிவது. செய்யப்பட்ட உலகைக் கண்டு செய்தவனைக் கருதும் சைவ சித்தாந்த வாதத்தின் வடிவமும் இதுவே. அந்த வாதம் ஒரு கர்த்தா உண்டென்பது வரையில்தான் செல்லும். அவன் இன்னான் என்று அறியச் சித்தாந்தி ஆகமத்தை நாடுகிறார். பட்டறைப் பெண்ணுக்கு ஆகமம் எதுவும் எழுதப்படவில்லை. கூலிப் பேரேடு ஒன்று எங்காவது எஞ்சியிருந்தால் உண்டு.