எரிச்சலூட்டும் குரலும் அபயக் குரலும்

யாரும் அழாத பிணத்தைப் பற்றிய கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். விரும்பிக் கேட்கவும் செய்கிறோம். பெரிய மாளிகை ஒன்று. இரவு விருந்து முடிந்திருக்கிறது. நூலக அறையில் செல்வந்தர் ஒருவர் இறந்து கிடக்கிறார். அவரோ கருமி, உறவினரை ஏளனம் செய்தவர், உயிலை அடிக்கடி மாற்றி எழுதி அனைவரையும் அலைக்கழித்தவர். ஆகவே கண்ணீருக்கு அங்கே வேலை இல்லை. யார் கொன்றார் என்ற கேள்வி ஒன்றே எஞ்சி நிற்கிறது.

1930களிலும் 1940களிலும் அமெரிக்க வானொலி இத்தகைய கதைகளை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. டாஷியல் ஹாமெட் எழுதி 1934-இல் நூலாக வெளிவந்த நாவலில் பிறந்த நிக், நோரா சார்லஸ் என்னும் செல்வத் தம்பதியர், 1941 முதல் வானொலியிலும் உலா வந்தனர். மதுக் கிண்ணங்களின் ஓசைக்கும் நகைச்சுவைப் பேச்சுக்கும் நடுவே கொலையாளிகள் பிடிபட்டனர். 1939 ஜூன் மாதம் சி.பி.எஸ். வானொலியில் தொடங்கிய எல்லரி குயின் நாடகங்களில் இன்னொரு புதுமை இருந்தது. முடிவுக்குச் சற்று முன்னர் நாடகம் நிறுத்தப்படும். அழைக்கப்பட்டிருந்த விருந்தினர் குற்றவாளி யார் என்று ஊகித்துச் சொல்வர். அதன் பிறகே விடை வெளிவரும். கொலையுண்டவர் ஒரு விடுகதையாகிவிட்டார்.

விடுகதையை விரும்புவதில் தீமை ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இக்கதைகளில் மாளிகையில் இருந்த அனைவருக்குமே அவரைக் கொல்லக் காரணம் இருக்கும். கேட்போர் குழம்ப வேண்டும் என்பதற்காகக் கதாசிரியர் கையாளும் உத்தி இது. உத்தியே ஆயினும் அதன் பொருள் கனமானது: அந்த மனிதர் இறக்க வேண்டும் என்று அங்கிருந்தோர் அனைவரும் உள்ளூர விரும்பியிருக்கின்றனர். இறுதியில் துப்பறிவாளர் ஒருவரை நோக்கி விரல் நீட்டுகிறார். அக்கணமே மற்றவர் அனைவரும் தூயவர் ஆகிவிடுகின்றனர். கையால் கொன்றவர் சிறைக்குச் செல்கிறார். மனத்தால் கொன்றவர்கள் காலைச் சிற்றுண்டிக்குச் செல்கின்றனர். நாமும் மன நிறைவோடு வானொலியை அணைத்துவிட்டு உறங்கப் போகிறோம்.

இந்த வசதியை நம்மிடமிருந்து பறித்துக்கொண்ட நாடகம் ஒன்று உண்டு. 1943 மே 25 அன்று சி.பி.எஸ். வானொலியின் 'சஸ்பென்ஸ்' வரிசையில் அது ஒலிபரப்பாயிற்று. எழுதியவர் லூசில் ஃபிளெட்சர். பெயர் 'சாரி, ராங் நம்பர்'. அரை மணி நேர நாடகம். அதில் துப்பறிவாளர் இல்லை.

நியூயார்க் நகரில் செல்வர் வாழும் பகுதியில், நோயாளியான ஒரு பெண்மணி தம் படுக்கையறையில் தனியே இருக்கிறார். கணவரின் அலுவலக எண் நெடுநேரமாகக் கிடைக்கவில்லை. ஆபரேட்டரிடம் சொல்லி இணைப்புக் கேட்கிறார். கம்பிகள் தாறுமாறாகி, நம் ஊரில் 'கிராஸ் டாக்' என்பார்களே, அதுபோல் வேறு இருவரின் பேச்சு அவர் காதில் விழுகிறது. அன்றிரவு 11.15 மணிக்குப் பாலத்தின் மேல் இரயில் கடந்து செல்லும் இரைச்சலில் ஒரு பெண்ணைக் கொல்ல வேண்டும், கொள்ளையடிக்க வந்தவர் செய்ததைப் போலத் தோன்ற வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொள்கின்றனர். இவர் ஆபரேட்டரை அழைக்கிறார். தலைமை ஆபரேட்டரை அழைக்கிறார். காவல் நிலையத்தை அழைக்கிறார். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கணவர் பாஸ்டன் நகருக்குச் செல்வதாகத் தந்தி வருகிறது; தந்தி அலுவலர் அதைத் தொலைபேசியிலேயே உணர்ச்சியின்றிப் படிக்கிறார். மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியை வரவழைக்கும் முயற்சியும் பயனளிக்கவில்லை. கொல்லப்பட இருக்கும் பெண் தாமே என்பதை அவர் உணரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இத்தனையும் நடந்ததற்குக் காரணம் என்ன? அவருடைய குரல்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பாத்திரத்தை ஏற்ற ஆக்னஸ் மூர்ஹெட் அதை இனிமையாக்க முயலவில்லை. அதட்டல், சிணுங்கல், தம் நோயைப் பற்றிய ஓயாத புலம்பல், பணியாளரிடம் பேசுவதற்கென்றே செல்வர் வைத்திருக்கும் ஒரு தொனி, எல்லாம் அதில் உண்டு. ஆபரேட்டர் விதிகளை எடுத்துச் சொல்லும்போது நாம் ஆபரேட்டரின் பக்கம் சாய்கிறோம். காவலர் சலிப்போடு விடையளிக்கும்போது அவர் சலிப்பு நமக்கு நியாயமாகவே படுகிறது. உயிரைக் காப்பதற்காகவே அந்தப் பெண்மணி தொலைபேசியை எடுத்திருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு பெண் கொல்லப்படப் போகிறாள் என்று பதறி முதலில் அழைத்தபோது, அது வேறு யாரோ என்றுதான் அவர் நினைத்தார். முன்பின் அறியாத ஒருத்திக்காகக் குரல் கொடுத்தவர் அந்த நாடகத்தில் அவர் ஒருவரே. இதை நாம் இரண்டாம் முறை கேட்டபோதே கவனித்தோம்.

இந்நாடகத்தின் கரு எங்கே தோன்றியது என்பதும் எண்ணத் தக்கது. கடையொன்றில் தம்மிடம் கடுமையாக நடந்துகொண்ட ஒரு பெண்மணியால் விளைந்த எரிச்சலே இதற்கு வித்தானது என்று ஆசிரியை கூறியிருக்கிறார். ஆக, எழுத அமர்ந்தவரின் உள்ளத்திலும் மாளிகை விருந்தினரின் அதே விருப்பத்தின் சாயல் இருந்தது. ஆனால் அவர் எழுதி முடித்தது பழிவாங்கும் கதையன்று. அந்தக் குரலுக்குள் படிப்படியாக அச்சம் நுழைவதை, அதிகாரம் உதிர்ந்து வெறும் மனித நடுக்கம் மட்டும் எஞ்சுவதை அவர் நம்மைக் கேட்க வைத்துவிட்டார். எந்த இடத்தில் நம் எரிச்சல் இரக்கமாக மாறுகிறது? கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அந்த இடம் வேறுபடலாம். ஆனால் அனைவருக்கும் அது தாமதமாகவே வருகிறது.

முகத்தைக் கண்டிருந்தால் இவ்வளவு தாமதித்திருக்க மாட்டோம். மெலிந்த கையையும் மருந்துப் புட்டிகளையும் பார்த்திருந்தால் மனம் விரைவில் இளகியிருக்கும். வானொலி அந்த உதவியைத் தருவதில்லை. இனிய குரலுக்கு ஒரு நீதி, கடுங்குரலுக்கு ஒரு நீதி என்று நம் காது வைத்திருக்கும் தராசு அங்கே வெளிப்பட்டுவிடுகிறது. நம் இல்லங்களில் நெடுநாள் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை நினைத்துப் பார்ப்போம். அவர்கள் நாளுக்கு நாற்பது முறை அழைக்கின்றனர். தலையணை சரியில்லை, காப்பி ஆறிவிட்டது, மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது. நாற்பத்தோராவது முறை அழைப்பது உண்மையாகவே மூச்சுத் திணறலாக இருக்கலாம். அந்த அழைப்பும் முந்தைய நாற்பதின் தொனியிலேயே வரும். அபயக் குரல் தனக்கென்று ஒரு தனி இராகத்தில் வருவதில்லை.

பணிவிடை செய்வோரின் களைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம் பக்கத்தை விட்டு அகலாமல் கணவர் தமக்குப் பணிவிடை செய்வதாக அந்தப் பெண்மணி காவலரிடம் பெருமையோடு கூறுகிறார். கொலைக்கு ஏற்பாடு செய்தவர் அவரே என்பதை நாடகம் குறிப்பால் உணர்த்துகிறது. அவர் குரலை நாம் கேட்பதில்லை. தந்தி வாசகமே அவருடைய பேச்சு. பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை அவர் தம் களைப்பைச் சொல்ல முயன்றாரோ! சொன்னாலும் அந்தக் குரலுக்கு மேலாக அது கேட்டிருக்குமா? இதனால் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் கேளாமை அந்த வீட்டில் ஒருவரிடம் மட்டும் குடியிருந்ததாகச் சொல்ல முடியாது. மற்றொன்றும் உண்டு: வானொலி நாடகத்தில் அந்தப் பெண்மணி திருமதி எல்பர்ட் ஸ்டீவன்சன் என்றே அறியப்படுகிறார். தம்மைக் கொல்லத் துணிந்தவரின் பெயரையே தம் பெயராகச் சொல்லிச் சொல்லி அவர் உதவி கேட்டார்.

1948-இல் பார்பரா ஸ்டான்விக் நடிக்க இது திரைப்படமாயிற்று. அதில் அவருக்கு லியோனா என்ற சொந்தப் பெயர் கிடைத்தது. கணவரின் கடன்களும் குற்றங்களும் விரிவாக விளக்கப்பட்டன. படம் சிறந்ததே. எனினும் விளக்கம் கூடக்கூட நம் மனச்சான்றின் உறுத்தல் குறைந்துபோகிறது. பழியைச் சுமத்த மீண்டும் ஒருவர் கிடைத்துவிடுகிறார் அல்லவா?

வானொலி நாடகத்தின் முடிவில் பெண்மணியின் அலறலை இரயிலின் ஓசை விழுங்குகிறது. மறுமுனையில் காவல் நிலையம் பேசுகிறது. ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும் கொலையாளி, தவறான எண் என்று நாகரிகமாக வருத்தம் தெரிவித்து வைத்துவிடுகிறான். அவன் குரலில் எரிச்சல் இல்லை.

முதல் ஒலிபரப்பில் இந்த இறுதிக் கட்டத்தில் ஒரு நடிகரின் வசனம் உரிய நேரத்தில் வராமற்போகவே, நடந்தது என்னவென்று விளங்காமல் நேயர் பலர் குழம்பினர். 1943 ஆகஸ்டில் நாடகம் மீண்டும் நிகழ்த்தப்பட்டது. 1960 வரை மொத்தம் எட்டு முறை ஒலிபரப்பாயிற்று. முடிவை நன்கறிந்தவர்களே திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். நாமும் ஒலிப்பதிவை மறுமுறை கேட்க அமர்ந்தபோது, அந்தப் பெண்மணிக்கு இன்னும் அரை மணி நேரமே உள்ளது என்பதை அறிந்தே அமர்ந்தோம். இம்முறை பொறுமையோடு கேட்பது என்று உறுதி செய்துகொண்டோம். ஆபரேட்டரை அவர் அதட்டும் இடம் வந்தது. நம் புருவம் மீண்டும் நெரிந்தது.